வலிப்புக்கு எபிடியோலெக்ஸா, கடையில் விற்கும் சிபிடி எண்ணெயா?

எபிடியோலெக்ஸ் மருத்துவர் எழுதித்தரும் திரவ மருந்து. இரண்டிலும் இருப்பது கஞ்சாச் செடியின் கன்னாபிடியோல்தான் (சுருக்கமாக சிபிடி). போதை தருவது அதே செடியின் டிஎச்சி என்ற வேறொரு பொருள், இதுவல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் எபிடியோலெக்ஸை டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்புகளுக்கு அனுமதித்தது. முதலில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் இருந்தது. 2020இல் அதிலிருந்தும் நீங்கியது.

கணக்கைப் பாருங்கள். எபிடியோலெக்ஸில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் வேளைக்கு அரை மில்லி, தினமும் இரு வேளை. ஒரு வாரம் கழித்து வேளைக்கு ஒரு மில்லி. கடை எண்ணெயில் 30 மில்லிப் புட்டிக்கு 1000 மி.கி. என்று போட்டிருந்தால், அதே அளவுக்கு வேளைக்கு மூன்று மில்லி வேண்டும். புட்டி ஐந்தே நாளில் காலி. சொட்டுக் கணக்கில் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பதில் வியப்பில்லை.

அதுவும் லேபிள் உண்மையாக இருந்தால்தான். இணையத்தில் வாங்கிய 84 பொருட்களைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் 26 மட்டுமே லேபிளோடு ஒத்துப்போயின. 18இல் டிஎச்சி இருந்தது.

மருந்தும் சாதுவல்ல. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். அதனால் தொடங்குமுன்னும், 1, 3, 6ஆம் மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை. குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் குழந்தை தூங்கி வழியலாம். குளோபசாம் அளவை மருத்துவர் குறைக்க வேண்டிவரலாம். கடை எண்ணெயும் இதே வினைகளைச் செய்யக்கூடியதே, ஆனால் கண்காணிப்பவர் இல்லை.

எபிடியோலெக்ஸ் நல்லெண்ணெயில் கரைத்தது. எள் ஒவ்வாமை இருந்தால் கூடாது. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உறிஞ்சுதல் வெகுவாகக் கூடும். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் சாப்பாட்டோடு என்று மாற்றாதீர்கள். திறந்த புட்டியை 12 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.