எந்த ரூம் வேணும் மேடம்?

தங்கைக்குத் தலைப்பிரசவம். இரண்டு மாதம் லீவு போட்டு லண்டனிலிருந்து அயனாவரத்துக்கு வந்து அம்மாவோடு தங்கியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. அடுத்த அரைமணியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் நின்றோம். நர்ஸ் ஓடிவந்து அவளை வீல்சேரில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார். எனக்கு லண்டனில் வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "வலி அடிக்கடி வர ஆரம்பிக்கட்டும், அதுவரை வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். இங்கே அந்த நர்ஸின் வேகத்தைப் பார்த்து மனசு நிறைந்துபோனது.

அப்புறம் எங்களை பில்லிங் கவுண்டருக்கு அனுப்பினார்கள். "எந்த ரூம் வேணும் மேடம்? ஜெனரலா, ஷேரிங்கா, சிங்கிளா, டீலக்ஸா?"

கட்டிலும் ஏசியும்தானே வித்தியாசம் என்று தங்கையின் மாமியார் சிங்கிள் சொல்லிவிட்டார். அது அப்படி இல்லை. ரூம் தரம் ஏற ஏற டாக்டர் விசிட், தியேட்டர், நர்சிங் என எல்லாக் கட்டணமும் கூடவே ஏறுகிறது. அதே டாக்டர், அதே தியேட்டர், அதே தையல்! ரூம் வாடகை நாளுக்கு 5000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

காலை எட்டு மணிக்கு, குழந்தையின் துடிப்பு குறைகிறது, சிசேரியன் செய்யவேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம். அந்த நேரத்தில் வேறென்ன செய்யமுடியும்? டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். தாயும் பிள்ளையும் நலம். ஆனாலும் இரவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நிஜமாவே தேவைப்பட்டுச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு லண்டனில் வந்ததே இல்லை. 1948 முதல் அங்கே மருத்துவம் பெரும்பாலும் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. அரசு மருத்துவமனை டாக்டருக்கு மாதச் சம்பளம். சுகப்பிரசவமோ சிசேரியனோ, அவர் கைக்கு வருவது ஒன்றுதான். இலவசம் என்று சொல்லமாட்டேன். உடம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். வலியோடு போய் நிற்கும்போது யாரும் பணம் கேட்பதில்லை. பிரசவம் ஆகி ஒரு வருடம்வரை டாக்டர் எழுதித்தரும் மருந்துக்கும் காசில்லை.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. என் தங்கையின் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனித்தனியாக விலை போட்டு வாங்கும் ஏற்பாட்டில், தாய்க்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு நெருடல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இருவருக்குமே அது அநியாயம்.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கே "போகலாம்" என்றார்கள். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து கிளம்பும்போது இரவு ஏழு. கம்பெனி பாலிசியில் பிரசவத்துக்கு வரம்பு 50,000 ரூபாய். பில் 1,42,000. பில்லில் கையுறை, பஞ்சு, கட்டிலில் விரிக்கும் ஷீட் என்று வரிவரியாக இருந்தன. இதெல்லாம் இன்சூரன்ஸில் வராதாம். பச்சை உடம்போடு தங்கை அந்த ஒன்பது மணிநேரமும் நாற்காலியில் சாய்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகளுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பு அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தது. கர்ப்பம் உறுதியானதுமே அரசிடம் பதிவுசெய்து, பிக்மி நம்பர் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட்டார்கள். மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடுவரை வண்டி, எதற்கும் பணமில்லை. 2011 முதல் நாடு முழுக்க இதுதான் விதி. வலி நேரத்தில் அவளுடைய அம்மா கூடவே இருந்திருக்கிறார். லேபர் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும், 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 18,000 ஆகியிருக்கிறது: 14,000 தவணைகளில் பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஆனால் குழந்தையைக் கையில் கொடுக்க வார்டில் ஒரு ஆயா 500 ரூபாய் வாங்கியதையும் அந்த அக்கா சொன்னார். கேட்டபோது வயிறு எரிந்தது.

"நாமெல்லாம் அங்கே போவோமா?" என்றார் அம்மா. ஏன் போகக்கூடாது? நாமும் வரி கட்டுகிறோம். அமெரிக்காவின் கதை வேறு. நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகளுக்குப் பிரசவமாகிச் சில வாரம் கழித்துத் தபாலில் பில் வந்தது. அங்கே 1993-ன் மத்தியச் சட்டம் தருவது 12 வாரம் சம்பளமில்லா விடுப்புதான். இங்கே தங்கைக்குப் பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்தால் 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. நல்ல சட்டம். ஆனால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு அந்தச் சம்பளம் மொத்தமும் கம்பெனி தலையில். பிரிட்டனில் முதலாளி சட்டப்படி கொடுக்கும் பேறுகாலச் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு திருப்பித் தந்துவிடுகிறது. இங்கே இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று தங்கையைக் கேட்டதன் காரணம் எனக்கு இப்போதுதான் பிடிபட்டது.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிடிவாதமாக எல்லோரையும் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். புதன்கிழமை என்பதால் பத்துப் பதினைந்து குழந்தைகள். நர்ஸ் ஊசிமருந்துக் குப்பியை எங்களிடம் காட்டிவிட்டுத்தான் போட்டார். அவர் கொடுத்த மாத்திரை அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று இருந்தது. அம்மா பழக்கத்தில் பர்ஸைத் திறந்தார்.

"அதை உள்ள வைங்கம்மா. ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க. நாலு வாரம் கழிச்சு இதே புதன்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டு, தடுப்பூசி அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்.