பதினோரு வருடமாக ஒரே செயின் பிளாக்: எண்ணெய் எங்கே வேண்டும், எங்கே கூடாது

2014-இல் வாங்கிய ஒரு டன் செயின் பிளாக் (கையால் செயினை இழுத்து எடை தூக்கும் கருவி) இன்றும் எங்கள் பட்டறையின் நடு கர்டரில்தான் தொங்குகிறது. கோவையில் மோட்டார், பம்ப்செட் ரிப்பேர் வேலை. காயில் கட்டவும் பேரிங் மாற்றவும் வருகிறவற்றில் பெரியதுகூட அறுநூறு கிலோவைத் தாண்டாது. வண்டியிலிருந்து இறக்குவது, ரோட்டாரைத் தூக்கிப் பிடிப்பது, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுவது, எல்லாம் இது ஒன்றில்தான். மூன்று மீட்டர் உயரம் தூக்கும். எடையைத் தாங்கும் லோடு செயின் ஒற்றை, ஆறு மில்லி கண்ணி. நாம் இழுப்பது தனியாக ஒரு கை செயின்.

முதல் மூன்று வருடம் நான் இதைக் கவனித்ததே இல்லை. இழுத்தால் ஏறியது, விட்டால் நின்றது. 2017-இல் ஒரு நாள் 30 எச்.பி. மோட்டார் ஒன்றை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கை செயினை விட்டேன். நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் நான்கு விரற்கடை இறங்கி, அப்புறம்தான் நின்றது. "அண்ணா, தானா இறங்குதுங்ணா" என்று பையன் சொன்னபோது அவன் கை மோட்டாரின் அடியில் இருந்தது. கையை எடுக்கச் சொல்லி, மெதுவாகக் கட்டை மேல் இறக்கி வைத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் எதையும் தூக்கவில்லை.

மூடியைக் கழற்றினால் பிரேக் பிளேட் இரண்டும் எண்ணெயில் மினுமினுத்தன. முந்தைய சனிக்கிழமை "செயின் பிளாக்குக்கு நல்லா எண்ணெய் போட்டுரு" என்று பையனிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அவன் மனசாரச் செய்திருக்கிறான். செயினுக்குப் போட்டதோடு கை சக்கரத்தின் மூடிக்குள்ளும் ஊற்றியிருக்கிறான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கே போடக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த பிரேக் வேலை செய்யும் விதத்தை அன்றுதான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். கை சக்கரம் மரை போட்ட தண்டில் உட்கார்ந்திருக்கிறது. தூக்கும்போது அது மரையில் உள்ளே திருகிப்போய், இரண்டு பிரேக் பிளேட்டையும் நடுவிலுள்ள ராட்செட் சக்கரத்தையும் (ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் பல் சக்கரம்) சேர்த்து இறுக்குகிறது. கையை விட்டால், தொங்கும் எடையே தண்டைத் திருப்பி அந்த இறுக்கத்தைக் கூட்டுகிறது. ராட்செட் பின்னால் சுற்றாமல் அதன் நாக்கு பிடித்துக்கொள்கிறது. அதாவது எடையை நிறுத்துவது அந்த பிளேட்டுகளின் உராய்வுதான். அங்கே எண்ணெய் பட்டால் மிச்சம் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங் எண்ணெய் குடித்துவிட்டால் அதைத் துடைத்துப் போட்டுச் சமாளிக்க முடியாது. கம்பெனியிலிருந்தே புது பிளேட் வரவழைத்து மாற்றினேன். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துவைத்தேன். ராட்செட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் பிரேக்கே இருக்காது. பூட்டி முடித்ததும் முதலில் லேசான எடை, அப்புறம்தான் முழு எடை.

லோடு செயின் இதற்கு நேர் எதிர். அதற்கு எண்ணெய் இல்லாவிட்டால் கண்ணியும் கண்ணியும் உரசும் இடம் தேய்ந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. செயினைத் தளர்த்தி, ஒரு கண்ணியைச் சாய்த்து அந்த வளைவைப் பார்த்தால்தான் பள்ளம் தெரியும். மாதம் ஒரு முறை பழைய துணியால் அழுக்கைத் துடைத்து, கண்ணி சேரும் இடங்களில் எண்ணெய் தடவி, மிச்சத்தை வழித்துவிடுகிறோம். கை செயினுக்குப் போடுவதில்லை, கை வழுக்கும்.

வருடத்துக்கு இரண்டு முறை வெர்னியர் எடுத்து அளக்கிறேன். அதிகம் ஓடும் பகுதியில் செயினை விறைப்பாக வைத்து, பதினோரு கண்ணிக்கு வெளிப்புற அளவு. புதிதில் 210 மில்லி இருந்தது. எங்கள் கையேடு சொல்வது இரண்டரை சதவீதம், அதாவது சுமார் 215 வந்தால் மாற்ற வேண்டும். கம்பியின் கனம் பத்து சதவீதம் குறைந்தாலும், 6 மில்லி 5.4 ஆனாலும், அதே கதைதான். 2021-இல் 214 காட்டியது. அதற்கு மேல் காத்திருக்க மனசு வரவில்லை, மாற்றிவிட்டேன். கடைத்தெருவில் அதே ஆறு மில்லிக்குப் பாதி விலையில் செயின் தருவதாகச் சொன்னார்கள். கண்ணி நீளம் துளி மாறினாலும் உள்ளே இருக்கும் பள்ளங்களில் சரியாக உட்காராமல் எகிறும். தூக்குவதற்கென்றே செய்த செயினாகவும் இருக்க வேண்டும். தயவுசெய்து அந்த இடத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். அறுந்த கண்ணியை வெல்டிங் வைப்பது, போல்ட் போட்டு ஒட்டுவது இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கொக்கிக்கு அதிக நேரம் ஆகாது. வாயின் இரு பக்கமும் தொழிற்சாலையிலேயே குத்திய புள்ளி எங்கள் கொக்கியில் இருக்கிறது. அந்த இடைவெளி ஐந்து சதவீதம் விரிந்தாலோ, கொக்கி கண்ணுக்குத் தெரிகிற அளவு முறுக்கியிருந்தாலோ கழித்துவிட வேண்டும். சூடுபடுத்தி நிமிர்த்தக் கூடாது. கொக்கி வாயை மூடும் லாக்கின் ஸ்பிரிங் மட்டும் எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது. கொக்கி நுனியில் பெல்ட்டை மாட்டுகிற பழக்கம்தான் காரணம்.

தினமும் செய்வது இதைவிட எளிது: காது கொடுத்துக் கேட்பது. ஏற்றும்போது 'டிக் டிக் டிக்' என்று ஒரே சீராக வர வேண்டும், இறக்கும்போது அந்தச் சத்தம் இருக்காது. 2019 ஐப்பசி மழையில் ஷீட் ஒழுகி பிளாக் நனைந்தது. சில நாள் கழித்து இழுத்தபோது 'டிக்... டிக்டிக்... டிக்' என்று தடுமாறியது. திறந்து பார்த்தால் ராட்செட் நாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்துச் சோர்ந்திருந்தது. சின்னச் சுருள் அது. நாக்கு பல்லில் விழாமல் போனால் எடை கீழே வரும். அன்றே மாற்றினேன், பிளாக்கின் மேலே ஒரு தகரக் கூரையும் அடித்தேன்.

இப்போது எந்த எடையானாலும் முதலில் ஒரு சாண் தூக்கி, கை செயினை விட்டு, பத்து எண்ணும் வரை பார்ப்போம். அசையாமல் நின்றால்தான் மேலே. ஒரு ஆள் இழுத்து ஏறாததை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பதில்லை. எடை கூடுதல் அல்லது உள்ளே பழுது, இரண்டில் ஒன்று.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற ஆளிடம் காட்டிப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. மூன்று பேர் வேலை செய்யும் எங்கள் பட்டறை அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு முன் சோதிக்கிறவரை வரவழைத்துவிடுகிறேன். பொட்டு வைப்பது அதற்கப்புறம்தான். இந்த வருடம் அவர் எழுதிக் கொடுத்தது: செயின் 211.5, பிரேக் பிளேட் நன்று, கியர் கிரீஸ் மாற்றவும். கிரீஸ் போன வாரம் மாற்றியாயிற்று. பிரேக் பக்கம் ஒரு துளிகூடக் கசியவில்லை என்று பையனே திறந்து காட்டினான்.