ஆஃப்டர்மார்க்கெட் ஹெட்லைட்டில் தண்ணீர்: சில மழைக்காலங்கள் ஓட்டிய பிறகு

கம்பெனி ஹெட்லைட் மங்கிப்போனதால் வெளியில் வாங்கிய எல்இடி புரொஜெக்டர் ஜோடி ஒன்றை மாட்டி, வெயில் மழை எல்லாம் பார்த்தாயிற்று. வெளிச்சத்தில் குறையே இல்லை. தண்ணீர் விஷயத்தில்தான் நிறைய வேலை வாங்கியது. உள்ளே ஈரம் தெரிந்ததும் ஓரம் முழுக்க சிலிகானை அப்பச் சொல்பவர்கள்தான் அதிகம். எங்கே நுழைகிறது என்று தெரியாமல் அப்பினால், உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் போகும்.

ஹெட்லைட் முழுக்க அடைத்த பெட்டி இல்லை. எரியும்போது உள்ளிருக்கும் காற்று விரியும், அணைத்தால் சுருங்கும். அது போய்வர பின்பக்கம் சிறு காற்றுத் துளைகள் உண்டு. நல்ல விளக்குகளில் அந்தத் துளை மேல் தண்ணீரை விடாமல் காற்றை மட்டும் விடும் மெல்லிய சவ்வு இருக்கும். ஈரமான இரவுக்குப் பிறகு லென்ஸின் உள்ளே லேசாகப் புகைபோலப் படிந்து, லைட்டைப் போட்டு ஓட்டியதும் மறைந்தால் அது கோளாறில்லை. எல்இடியில் மறையக் கூடுதல் நேரம் ஆகும். சூடு பெரும்பாலும் பின்னாலுள்ள ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) வழியாகப் போவதால் ஹாலோஜன் அளவுக்கு லென்ஸ் சூடாகாது. துளித்துளியாக வழிந்தாலோ அடியில் தேங்கினாலோ, அது ஒழுகல்தான்.

எனக்கு இடது விளக்கில் தேங்கியது. கழற்றி உலர வைத்துப் பார்த்தபோது, உள்சுவரில் வெள்ளையாக ஒரு கோடு. தண்ணீர் வழிந்து காய்ந்த உப்புத் தடம். லென்ஸ் ஓரத்திலிருந்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன். கோடு தொடங்கியதோ பின்னால், ஒயர் நுழையும் இடத்தில். உறுதி செய்ய, காற்றுத் துளைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப்பால் அடைத்து, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவி, விட்ட துளையில் சின்ன ட்யூப் வைத்து வாயால் மெதுவாக ஊதினேன். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், அந்த அழுத்தம் நல்ல ஒட்டையும் பிரித்துவிடும். லென்ஸ் ஓரம் சும்மா இருந்தது. ஒயர் ரப்பரைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

காரணம் எளிது. ஒயர் மேலிருந்து நேராகக் கீழிறங்கி விளக்குக்குள் போனது. மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறது. சூடான விளக்கின் மேல் மழை விழும்போது உள்காற்று சட்டெனச் சுருங்கி, இருக்கிற சந்து வழியாகத் தண்ணீரை இழுத்தும் கொள்ளும். ரப்பரை மாற்றி, ஒயரை நுழைவாயிலுக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினேன். அந்த வளைவின் அடியிலேயே நீர் சொட்டிவிடும். அதன் பிறகு இடது பக்கம் சுத்தம்.

வலது விளக்கில் பின்னாளில் லென்ஸ் மூலையில் கசிந்தது. அங்கே பியூட்டைல் ஒட்டு (சூட்டில் இளகும் ரப்பர் போன்ற பசை) மெலிதாகவே ஓடியிருந்தது. பழையதைச் சூடாக்கி எடுத்துப் புது பியூட்டைல் வைத்தேன். சிலிகான்தான் போட வேண்டும் என்றால் நியூட்ரல் க்யூர், அதாவது காயும்போது அமிலம் விடாத வகையாகப் பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

தண்ணீர் வடிய, சிலர் அடியில் ஓட்டை போடச் சொல்வார்கள். அது தூசிக்கும் சேற்றுக்கும் வாசல் திறப்பதுதான். சிலிகா ஜெல் மிச்ச ஈரத்தை உறிஞ்சும், ஒழுகலுக்கு மருந்தில்லை. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள், அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, கீறிவிடும். என் இடது விளக்கில் தேங்கிய இடத்தில் வந்த புள்ளிகள் போகவே இல்லை.

வாட்டர் வாஷிலும் கவனம் வேண்டும். ஐபி67 என்ற தூசி, நீர்த் தடுப்புத் தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். பிரஷர் கன் பீய்ச்சுவதைத் தாங்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. விளக்கு ஆறிய பிறகு, ஓரங்களில் நாஸிலை நேராகக் காட்டாமல் கழுவச் சொல்கிறேன்.

வாங்கும்போது லென்ஸைவிடப் பின்பக்கத்தை அதிகம் பாருங்கள். மூடி இறுக்கமாக உட்காருகிறதா, காற்றுத் துளையில் சவ்வு இருக்கிறதா, ஒட்டு சுற்றிலும் ஒரே தடிமனில் ஓடுகிறதா? பழைய ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மட்டும் மாற்றுபவர்கள், அதன் ஃபேன் இடித்து மூடி போட முடியவில்லை என்று திறந்தே விடாமல், ஆழமான ரப்பர் மூடி ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.