தடிப்பைப் பார்ப்பதா, ரத்தத்தைப் பார்ப்பதா?

எச்.ஐ.வி வந்துவிட்டதோ என்ற பயத்தில், உடம்பில் சிவப்பாக ஏதாவது வந்ததும் போனில் படம் எடுத்து, இணையத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பது ஒரு வழி. செலவு இல்லை, ஆனால் பதிலும் கிடைக்காது. எச்.ஐ.வி தொற்றின் ஆரம்பத்தில், பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள், சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, நெறி கட்டுதல் இவற்றோடு தடிப்பும் வரும் என்பது உண்மைதான், ஆனால் வியர்க்குரு, படர்தாமரை, மாத்திரை ஒவ்வாமை, டெங்கு என்று தோல் சிவக்க நூறு காரணம் இருக்கிறது, தொற்று இருந்தும் எந்த அறிகுறியுமே இல்லாதவர்களும் நிறைய. தடிப்பு இருப்பதும் இல்லாததும் எதையும் உறுதி செய்யாது.

இன்னொரு வழி பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம்) இலவசம், விவரம் வெளியே போகாது, ஆலோசகரிடம் பேசலாம் (கூச்சமெல்லாம் வாசல் வரைக்கும்தான்). இதிலும் ஒரு சிக்கல் உண்டு, சீக்கிரம் போனால் தொற்று இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை (கிருமியின் பாகத்தையும் ஆன்டிபாடியையும், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் பொருளையும், சேர்த்துத் தேடுவது) சம்பவம் நடந்ததிலிருந்து 18 முதல் 45 நாளில் கண்டுபிடிக்கும், விரலில் குத்தி ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் பரிசோதனைக்கு 90 நாள் வரைகூட ஆகலாம்.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? அப்போது இரண்டுமே அப்புறம், தொற்று ஒட்டாமல் தடுக்கும் மருந்துக்காக உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சந்தேகம் கேட்க எச்.ஐ.வி உதவி எண் 1097.