சூரியப் பலகையா, அணு மின்கலமா?

செவ்வாய்க் கோளில் ஊர்தி இறக்குவோருக்கு முதல் தலைவலி மின்சாரம். சூரியப் பலகைக்குச் செலவு குறைவு, எதிரி தூசி. 90 செவ்வாய் நாட்கள் உழைத்தால் போதும் என்று 2004-இல் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி, பலகைமேல் படிந்த தூசியைக் காற்றே அவ்வப்போது துடைத்துவிட்டதால் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 2018-இல் கோளையே மூடிய புழுதிப் புயல் அதன் கதையை முடித்தது. ஒரே இடத்தில் நின்று ஆய்ந்த இன்சைட் கலத்துக்கு அந்தக் காற்றின் தயவும் போதிய அளவு கிட்டவில்லை, 2022-இல் அடங்கியது.

2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியிடம் இருப்பது அணு மின்கலம்; அதன் எரிபொருள் புளூட்டோனியம்-238 என்ற கதிரியக்கப் பொருள். அது சிதையும் வெப்பத்திலிருந்து தொடக்கத்தில் கிடைத்தது சுமார் 110 வாட். ஒரு மின்விசிறிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் இரவும் புழுதியும் அதைத் தடுப்பதில்லை; அதே 2018 புயலிலும் வேலை நடந்தது. புளூட்டோனியம்தான் அரிது. நீண்ட பயணத்துக்கு என் வாக்கு அணுவுக்கே. வியாழனைச் சூரிய ஒளியிலேயே 2016-இல் எட்டிய ஜூனோ விண்கலம் மட்டும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.