ஷவர் வடிகாலைச் சுற்றித் தேங்கும் நீர்: பூசுவதா, பெயர்ப்பதா?

எங்கள் மாடிக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய மறுவாரமே குறை தெரிந்துவிட்டது. ஷவர் வடிகாலின் ஜாலி, அதாவது வாய் மேல் பதிக்கும் துளைத்தட்டு, டைல்ஸைவிடச் சற்றே மேலே நின்றது. அதன் இடப்பக்கம் உள்ளங்கையகலத்துக்கு நீர் தேங்கி, மறுநாள் காலை வரை அப்படியே கிடந்தது. காரணம் எளிது. நான்கு பக்கமிருந்தும் நடுவிலுள்ள குழிக்கு நீர் வர வேண்டிய இடத்தில், இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை வெட்டாமல் பதித்திருந்தார்கள். அவ்வளவு பெரிய பலகை நான்கு திசைக்கும் எப்படிச் சரியும்?

வழி தேடும் முன், நீர் தேங்குகிறதா, கசிகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய். வடிகால் வாயை இறுக அடைத்து, ஓரங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் நன்றாக இறங்கினாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தாலோ கசிவுதான். டைல்ஸை நாணயத்தால் தட்டியும் பாருங்கள். ‘டொக் டொக்’ என்றால் அடியில் வெற்றிடம்.

மலிவான வழி, டைல்ஸ் இணைப்புகளைச் சுரண்டி எபாக்சி கிரவுட் (இணைப்பை நிரப்பும் பிசின் கலவை) பூசுவது. சிமென்ட் கிரவுட்டைப் போல இது நீரை உறிஞ்சாது. கழிவறை ஆசிட்டாலும் எளிதில் அரிபடாது. ஆனால் பழையதை ஆழமாக எடுக்காமல் மேலோடு பூசினால் பெயர்ந்துவிடும். முக்கியமாக, வாட்டம் (சரிவு) தவறிய தரையை எந்தக் கிரவுட்டும் திருத்தாது. டைல்ஸ் உறுதியாக இருந்து இணைப்பு மட்டும் உதிர்ந்த வீட்டுக்கே இது பொருந்தும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாம் என்பவர்களும் உண்டு. நான் சம்மதிக்க மாட்டேன்: வெற்றிடம் அப்படியே இருக்கும், வடிகால் பள்ளமாகும், கதவு இடிக்கும்.

எனக்குப் பிடித்தது, வடிகாலைச் சுற்றி மட்டும் பெயர்த்தெடுப்பது. ஜாலியை டைல்ஸ் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கலாம். மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, ஜாலியின் நான்கு மூலைகளிலிருந்தும் மூலைவிட்டமாக வெட்டிய துண்டுகளையோ சிறு சதுர டைல்ஸையோ பதிக்கலாம். சிறிய டைல்ஸ் சரிவுக்கு வளைந்து கொடுக்கும். இணைப்புகள் அதிகமாவதால் கால் வழுக்குவதும் குறையும். பழைய நிறம் கிடைக்காவிட்டால் துணிந்து வேறு நிறம் போடுங்கள், ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: டைல்ஸ் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சை உளி கிழித்துவிடும். புதிய பூச்சு பழையதன் மேல் ஏறிப் படியவும், குழாயின் கழுத்தைச் சுற்றி இடைவெளியின்றி அடையவும் வேண்டும்.

சோதனையில் தரையே கசிகிறது என்று தெரிந்தால் முழுவதையும் பெயர்ப்பதுதான் வழி. செலவு பலமடங்கு, பல நாள் குளியலறையும் இராது. ஆனாலும் அந்த நிலையில் அரைகுறை வேலைக்குக் கொடுக்கும் பணம் வீண். நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன் மறுபடி நீர் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரம் என்று கொத்தனார் மறுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் தரை கசியவில்லை. ஆகவே வடிகாலைச் சுற்றி மட்டும் பெயர்த்தோம். பசை இறுகுவதற்குள் நான்கு ஓரத்திலும் ஒவ்வொரு கோலிக்குண்டை வைத்தேன். மூன்று உருண்டு ஜாலிக்கு வந்தன. நான்காவது நின்ற இடத்து டைல்ஸை அங்கேயே எடுத்து மறுபடி பதிக்க வைத்தேன்.