தோட்டத்துத் தவளைக்கு எது பொருந்தும்: எனாமலா, அக்ரிலிக்கா, எமல்ஷனா?

சுடுமண் தவளை, சிமெண்ட் காளான், செடி மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆந்தை. இவற்றுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் கையில் மூன்று டப்பாக்கள் வந்து சேரும்: எனாமல், கைவினைக்கு விற்கும் அக்ரிலிக், வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். தீட்டிய அன்று மூன்றும் அழகுதான். ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

எனாமலின் பளபளப்பு ஆளை மயக்கும். நானும் மயங்கித்தான் என் முதல் தவளைக்குப் பச்சை எனாமல் இரண்டு கோட் அடித்தேன். தை பிறப்பதற்குள் முதுகெல்லாம் கொப்புளம். விரல் பட்டதும் செதில் செதிலாக உரிந்து வந்தது. மண்ணின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறும்போது அந்த ஈரம் வெளியேறப் பார்க்கும். எனாமல் படலம் அதற்கு வழிவிடாது. அதனால் ஈரம் படலத்தையே தூக்கிவிடுகிறது. புது சிமெண்ட் பொம்மையில் நிலைமை இன்னும் மோசம். சிமெண்டின் கடுமையான காரத்தன்மை எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். எனாமலுக்கு உரிய இடம் இரும்பு. பழைய கம்பிகளை வளைத்துச் செய்த மயில் இருந்தால், துரு நீக்கி, இரும்புக்கான ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டு, தாராளமாகப் பூசலாம்.

அக்ரிலிக்கும் எமல்ஷனும் நீரில் கரைத்துப் பூசுபவை. ஈரத்தை ஓரளவு மூச்சுவிட அனுமதிப்பவை. ஆனால் வேலையில் வேறு வேறு. சிறு புட்டிகளில் வரும் அக்ரிலிக்கில் நிறம் அடர்த்தி; மெல்லிய தூரிகையில் சீராக ஓடும். கண்மணி, இமைக்கோடு, காளானின் புள்ளி என நுணுக்கமானவை எல்லாவற்றுக்கும் அதுதான். பொம்மை முழுவதும் பூசினால் செலவு ஏறும். மழைக்காலப் பாசிக்கும் அது ஈடுகொடுக்காது. வெளிச்சுவர் எமல்ஷனில் பாசியையும் பூஞ்சையையும் தடுக்கும் மருந்து கலந்திருக்கும், வெயிலையும் தாங்கும். வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர், கூடவே அதில் கலக்கும் நிறச்சாறான ஸ்டெய்னர் மூன்று நான்கு புட்டிகள் வாங்கினால் ஒரு தோட்டத்துக்கே போதும். இதில் ஒரு குறை உண்டு. ஸ்டெய்னர் அதிகமானால் படலம் வலுவிழக்கும் என்பதால், வெள்ளையிலிருந்து இளநிறங்கள்தான் கிடைக்கும்; அடர்சிவப்பு கிடைக்காது.

என் தேர்வு இரண்டும் சேர்ந்ததுதான்: உடலுக்கு எமல்ஷன், முகத்துக்கு அக்ரிலிக். மேலே நீர்வகை வார்னிஷ் மெல்லியதாக ஒரு கோட். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காவியையும் மஞ்சட்காவியையும் மறக்காதீர்கள். இரும்பு ஆக்சைடு நிறமிகளான அவை வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. ஒளிரும் இளஞ்சிவப்பு ஒரே கோடையில் சாயம் போய்விடும்.

பொம்மை எதில் செய்தது என்பதும் முக்கியம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, வழவழப்பு. ஆனால் இறுகிய பிறகும் நீரில் சிறிது சிறிதாகக் கரையக்கூடியது. அதை வராந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிமெண்ட் உறுதியானது, கனமானது, காற்றுக்குச் சாயாது. வார்த்த பிறகு 28 நாளாவது விட்டு, காரம் தாங்கும் ப்ரைமர் அடித்த பின்பே நிறம். சுடுமண் கீழே விழுந்தால் உடையும். இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். அய்யனார் கோயில் குதிரைகள் திறந்த வெளியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, நிறம் மங்கிய மண்ணும் அழகாகவே படுகிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்; அதன் மேல் எந்த நிறமும் நிற்காது.

எதைப் பூசினாலும் அடிப்பாகத்தைப் பூசாமல் விடுங்கள். பொம்மையை நேரே மண்ணில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்; உள்ளே இறங்கிய நீர் அந்த வழியாக வடிந்து போகட்டும்.